டாக்டரம்மா முன்னால் வலி இல்லை

ஜூன் 17, செவ்வாய்
காலையிலேயே அனல். உப்பளப் பக்கமிருந்து காற்று துளியும் இல்லை. பத்தரைக்கு வீடியோ ஆலோசனை, புதுச்சேரி வலிநிவாரண மருத்துவமனை டாக்டரம்மாவுடன். செய்ய வேண்டியவை: போன் சார்ஜ், மாத்திரை அட்டை, நேற்றைய வலிக் குறிப்பு.

அத்தாவின் பட்டியல் வேறு. சவரம், வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர். முதுகெலும்பு வரை புற்று பரவிய மனிதர். நாற்காலிக்கு மாற்றினால் அரை நாள் முனகுவார். ஆயினும் படுத்தபடி விருந்தாளியை வரவேற்க மாட்டாராம். போனுக்குள் இருப்பவர் விருந்தாளி அல்லர் என்று விளக்கினேன்.

"நம்ம வூட்டுக்குள்ள மொகம் தெரியுதா இல்லியா? அப்ப விருந்தாளிதான்."

அழைப்பு வந்தது. "வாங்க டாக்டரம்மா, சாப்டீங்களா?" வலி எப்படி என்றார் அவர். "அல்ஹம்துலில்லா, நல்லாருக்கேம்மா. அனுமந்தையில வஞ்சிரம் நல்லா வருது, ஒரு நாள் வந்து சாப்ட்டுப் போங்க." இரவெல்லாம் தலையணையைக் கடித்தவர் பேசும் பேச்சு. வலி தாங்காமல் தூங்கவே இல்லை என்று குறுக்கிட்டேன்.

"எம் பையன் சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளிம்மா" என்றார் அத்தா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். மாத்திரை அதே அளவு.

ஜூன் 18, புதன்
மருத்துவமனைக்கு மின்னஞ்சல், வலிக் குறிப்பு இணைப்புடன். பதில்: நோயாளி தெளிவாகப் பேசும்வரை அவர் சொல்வதே அளவுகோல். விதி சரியானதே. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எரிச்சலே அதில்தான்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து கருத்துக் கேட்கும் பெண் அழைத்தாள். ஸ்பீக்கரில் அத்தா. சேவை திருப்தியா? "ரொம்ப திருப்திம்மா." வலி குறைந்திருக்கிறதா? "உங்க துவாவுல கொறஞ்சிருக்கும்மா." ஐந்துக்கு ஐந்து.

வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டிருந்த என் மனைவி மும்தாஜ் என்னிடம்: "அஞ்சு மார்க்கா? அப்ப ராத்திரி கத்துனது யாருங்க, பக்கத்து வூட்டு மாமாவா?"



ஜூன் 20, வெள்ளி
ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும் நேரம். நானும் மும்தாஜும் அத்தாவைப் புரட்டி விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். போனில் வீடியோ அழைப்பு, யாரென்று பாராமல் மும்தாஜ் எடுத்துவிட்டாள். டாக்டரம்மா. அடுத்த வாரம் விடுப்பாம், ஆகவே இன்றே. முன்னறிவிப்பு கிடையாது. நடைமுறைப் பிழை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தா அலறினார். சட்டையில்லாத உடம்பு, கோணிய வாய், கண்ணீர். எல்லாம் திரையில்.

"ஐயா, இவ்ளோ நாளா இப்பிடித்தானா?"

அத்தா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் "ஆமாம்" என்றேன். இம்முறை என்னை நம்பினார்கள்.

மாலையே நர்ஸ் வந்து பரிசோதித்தார். மாத்திரை அளவு கூட்டப்பட்டது.

ஜூன் 22, ஞாயிறு
இரண்டு இரவாக அத்தாவுக்கு நல்ல உறக்கம். காலையில் அவரே இட்லி கேட்டார். என்னோடு மட்டும் பேச்சில்லை. மும்தாஜிடம் புகார்: "ஒரு பொம்பளப் புள்ள முன்னாடி வெத்து ஒடம்பா காட்டிட்டானே. படிச்சவனாம்."

வலி பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டால், "என்னிக்குடா வலின்னு சொன்னேன்?"

ஜூன் 23, திங்கள்
மீண்டும் புழுக்கம். அதே கருத்துக் கேட்பு, அதே பெண்.

"திருப்தியே இல்லம்மா. சொல்லாம கொள்ளாம வர்றாங்க. மரியாத தெரியல. ஒண்ணு போட்டுக்க."

வலி குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கும் ஒன்றே போடச் சொன்னார். நான் மறுத்தேன். நோயாளியின் பதிலைத்தான் பதிய முடியும் சார் என்றாள் அவள்.

"ஸாரிங்க ஐயா. இனிமே டைம் சொல்லிட்டுதான் கூப்பிடுவாங்க. நோட் பண்ணிட்டேன்."

அத்தா திருப்தியோடு கண்களை மூடிக்கொண்டார்.

கொல்லைப்புறம் போய் டாக்டரம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: நேரம் குறிக்க வேண்டாம். தயவுசெய்து சொல்லாமலே கூப்பிடுங்கள்.