விளக்கை அணைத்தது யார்

செப்டம்பர் 9, 1958. செவ்வாய்.

வெளியே நூறு டிகிரி வெயில். செட்டுக்குள் விளக்குகளுக்கு அடியில் அதைவிட மோசம். நீதிபதியாக நடிப்பவர் கறுப்பு அங்கிக்குக் கீழே அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

ஒஹையோவில் யாரோ ஒருத்தி ஸ்டூடியோவுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். நிஜ நீதிமன்றத்தில் இருபது வருஷம் சுருக்கெழுத்து இயந்திரம் அடித்தவளாம். "உங்கள் தொடரில் சாட்சிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், சாட்சி பேசி முடித்த பிறகுதான் அடிக்கத் தொடங்குகிறாள். இது அவமானம்" என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் நான்தான். உதவி இயக்குநர் கஸ் அதைச் சத்தமாகப் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இரண்டு வருஷத்தில் என்னை ஒருத்தியாவது பார்த்திருக்கிறாளே. கேமராவுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்தான்.

இனி சாட்சியின் வாய் திறக்கும்போதே அடிக்க வேண்டும். அதற்கு வசனம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். எல்லோருடைய வசனமும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் ஆர்டித் என் பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு டியூனா மீன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். நெப்ராஸ்காவிலிருந்து மே மாதம் பஸ்ஸில் வந்து இறங்கியவள். "ரெண்டு வாரம்டி வெர்னா, அதுக்குள்ள வேற இடம் பாத்துக்கறேன்" என்றாள். எந்த ரெண்டு வாரமோ தெரியவில்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்காரும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

செப்டம்பர் 11, வியாழன்.

எனக்கு வசனம் இருக்கிறது!

அடுத்த கதையின் வசனப் பிரதி வந்தது, வெள்ளைத் தாளில். ஐம்பத்தெட்டாம் பக்கம். நீதிபதி சொல்கிறார்: "கடைசிக் கேள்வியை வாசியுங்கள்." சுருக்கெழுத்துக்காரி வாசிக்கிறாள்: "அன்று மாலை விளக்கை அணைத்தது யார்?"

ஐந்து சொல். ஐந்தும் என்னுடையது. ஒரு சொல் பேசினாலே போதும், அப்புறம் நான் கூட்டத்தில் ஒருத்தி இல்லை, நடிகை. நடிகர் சங்கத்து அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் எந்த ஸ்டூடியோ வாசலிலும் பெயர் சொல்லிக் கேட்கலாம். இதற்காகத்தானே பதினோரு வருஷமாக இந்த ஊரில் கிடக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ஐந்தையும் ஐம்பது விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி.

எழுதவே கை வரவில்லை. அதே கதையில் கொலைகாரியாக ஆர்டித் நடிக்கிறாள்.

வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அம்மைக்கட்டு. இயக்குநர் மிஸ்டர் கெஸல் பார்வையாளர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனவர், ஆர்டித்துக்கு முன்னால் நின்றார். "இந்தப் பொண்ணைப் பாருங்க. எதையோ உள்ள பூட்டி வெச்சிருக்கற மாதிரி இல்ல?" என்றார். பூட்டி வைத்திருந்தது கடைவாய்ப் பல்வலியை. காலையிலிருந்து என்னிடம் கிராம்புத் தைலம் கேட்டுக்கொண்டிருந்தாள், நானும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. இல்லை, நிறையக் கொடுத்திருக்க வேண்டும், வலி போயிருக்கும், முகமும் சாதாரணமாக இருந்திருக்கும்.

நான்கு மாதம். அவள் வந்து வெறும் நான்கு மாதம்.

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கென்று அவள் கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு.

நாள் முழுக்க ஒத்திகை. அவள் சமையலறை நாற்காலியில் சாட்சி, நான் அடுப்புப் பக்கம் நின்று வக்கீல். முதலாளிக்கு ஒன்பது வருஷம் காரியதரிசியாக இருந்து கடைசியில் அவரைக் கொன்றவளின் வாக்குமூலம்.

"ஆமா, நான்தான் அணைச்சேன். ஒன்பது வருஷம் அவர் மேஜையில காபி கொண்டுபோய் வெச்சேன். ஒரு நாள்கூட நிமிர்ந்து பாக்கல. அன்னிக்குத்தான் பாத்தார். நான் துப்பாக்கியை எடுத்த அப்புறம்தான் பாத்தார்."

மூன்று வரி நன்றாகப் போகும். நான்காவது வரியில் தடுக்கிவிடுவாள். "அன்னிக்குத்தான்" என்பது வரவே வராது. ஏழு தடவையும் அங்கேயேதான் நின்றாள். எனக்கு இரண்டாவது தடவையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு வழி சொல்லியிருக்கலாம். காபிக் கோப்பையைக் கீழே வைப்பதுபோல் கையை அசைத்தால் வரி தானாக வரும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. "நாளைக்குச் சரியாயிடும்டி" என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்.

குளிக்கும்போது பாடுகிறாள். குரல் சகிக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்.

திருத்திய பக்கங்கள் வந்தன, இளஞ்சிவப்புத் தாளில். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நான் இல்லை.

கஸ்ஸிடம் போய்க் கேட்டேன். "நேரம் பத்தலம்மா. கெஸலுக்கு அந்தப் பொண்ணு மொகம் புடிச்சுப்போச்சு, ஒப்புக்கறத நீட்டச் சொல்லிட்டார். அரை நிமிஷம் எங்கேருந்தாவது வெட்டணும்ல. நீ எப்பவும்போல உக்காந்து அடி, போதும்" என்றான்.

என்னை வெட்டி அவளை நீட்டியிருக்கிறார்கள். யார்கிட்ட போய்ச் சொல்றது? அவகிட்டயா? அவ என் ஸ்வெட்டரை வேற கேக்கறா. உடை அலங்காரக்காரிக்கு அந்தப் பச்சை பிடித்துவிட்டதாம், காரியதரிசிக்குப் பொருத்தமாம். டிவியில் என்னைவிட என் ஸ்வெட்டர் முன்னால் வந்துவிடும்.

"போட்டுக்கோ" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இவ்வளவு இனிமையாகப் பேச முடியும் என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 18, வியாழன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இங்கே பொய் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

கேமரா என் தோளுக்குப் பின்னால். எதிரே சாட்சி நாற்காலியில் ஆர்டித். அவள் முகத்துக்கு நேராக இருந்தது என் முகம் ஒன்றுதான். வக்கீல் கேட்டார், அவள் ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றுவிட்டாள். கண் என்மேல் வந்தது.

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. உதட்டை லேசாக அசைத்தால் போதும், கேமராவுக்குத் தெரியவே தெரியாது. நான் குனிந்து இயந்திரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது டேக். அதே இடம், அதே பார்வை. நான் அதே இயந்திரத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவள் மூன்றாம் வரியிலேயே என்னைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் காகிதம் சிக்கிக்கொண்டதுபோல் நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதம் இரண்டு வருஷமாகச் சிக்கியதே இல்லை.

மிஸ்டர் கெஸல் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றினால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். கஸ் அவர் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "வேற யாரையாவது உக்கார வெச்சு முடிச்சுடலாமா சார்?" என்றான்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "இந்த வசனம் இங்க யாருக்காவது தெரியுமா?"

என் கை மேலே போயிருந்தது. நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது என் கைதான். அத்தனை பேரும் திரும்பினார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து, "எனக்கு..." என்று வாயைத் திறந்தேன்.

"ஆமா சார்!" என்றாள் ஆர்டித். "வெர்னாவுக்கு முழுசும் தெரியும். ஞாயித்துக்கிழமை பூரா அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா. அங்க உக்காந்தே வாயசைச்சான்னா போதும், நான் புடிச்சுக்குவேன்."

கெஸல் கேமராவைத் திரும்பிப் பார்த்தார். "முதுகுதானே தெரியுது. சரி, சத்தம் மட்டும் வரக் கூடாது" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். கஸ் என் தோளைத் தட்டி, "தங்கமான பொண்ணும்மா நீ" என்றான்.

தங்கமான பொண்ணு. நான் திருடப் போனவள். என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

நான்காவது டேக். முழு வாக்குமூலத்தையும் சத்தமில்லாமல் நான் சொன்னேன். அவள் என் உதட்டிலிருந்து எடுத்து எடுத்துச் சொன்னாள். "அன்னிக்குத்தான் பாத்தார்" என்றபோது என் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள். செட்டில் ஒரு இருமல்கூட இல்லை.

நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. இந்த வரியை அடித்துவிட வேண்டும். வேண்டாம், இருக்கட்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்கிறாள். ஒப்பனைக்காரியிடம், நீதிபதியிடம், வாசல் காவலாளியிடம். "வெர்னா இல்லேன்னா நான் நேத்தே பஸ் ஏறியிருப்பேன்." எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரியாது.

இந்தப் பெண்ணுக்கு ஒரு மண்ணும் புரியாதா? இவ்வளவு வெகுளியாக ஒருத்தி இந்த ஊரில் எப்படிப் பிழைப்பாள்?

அக்டோபர் 3, வெள்ளி.

அவளுக்கு ஏஜென்ட் வந்துவிட்டார். எனக்கு ஜலதோஷம் வந்திருக்கிறது.

நவம்பர் 22, சனி.

இன்று ஏழரைக்கு ஒளிபரப்பு. எங்களிடம் டிவி இல்லை. கீழ்வீட்டு மிசஸ் நஜாரியன் கூப்பிட்டாள். வீட்டுக்காரி, ஆர்மீனியக்காரி, யார் வந்தாலும் பாதாம் வறுத்து வைத்துவிடுவாள்.

ஆர்டித்தின் முகம் திரை முழுக்க. கீழ் மூலையில் ஒரு கறுப்பு உருண்டை.

"அது உன் கொண்டைதானே?" என்றாள் மிசஸ் நஜாரியன். "நல்லா வந்திருக்குது."

ஆர்டித் அந்தக் கொண்டையைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொல்கிறாள். வக்கீலிடம் இல்லை, நீதிபதியிடம் இல்லை. யாருமே கவனிக்காத சுருக்கெழுத்துக்காரியிடம், யாருமே கவனிக்காத ஒரு காரியதரிசி தன் கதையைச் சொல்கிறாள். மிசஸ் நஜாரியன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். நான் கையிலிருந்த பாதாமைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். பொறாமையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். எதுவென்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மாடி ஏறும்போது ஆர்டித் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெர்னா, அன்னிக்கு நீ எதுக்குக் கையத் தூக்கினேன்னு எனக்குத் தெரியும்டி."

"உனக்குச் சொல்லிக்குடுக்கத்தான்."

"மூணு தடவை உன் மொகத்தப் பாத்தேன். மூணு தடவையும் நீ மிஷினைப் பாத்தே. சொல்லிக்குடுக்கறவ அப்பவே சொல்லியிருப்பா."

நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். சாட்சி நாற்காலியில் எத்தனை பேர் எனக்கு எதிரே உட்கார்ந்து உடைந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனது.

"உன் இடத்த எடுத்துக்கத்தான் தூக்கினேன்" என்றேன். "என் வசனத்த வெட்டித்தான் உனக்கு நீட்டினாங்க."

"எனக்குத் தெரியாது அது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும் நடிச்சிருப்பேன்."

"அப்புறம் எதுக்குடி என்னை நல்லவ நல்லவன்னு ஊரெல்லாம் சொன்னே?"

"அத்தனை பேர் முன்னாடி நல்லவன்னு சொல்லிட்டா, அப்புறம் நீ வேற என்னதான் பண்ண முடியும்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நானா இருந்தா மூணு டேக் முடியற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். மொதல் டேக்லயே தூக்கியிருப்பேன்."

வெகுளி என்று எழுதியிருக்கிறேன், செப்டம்பர் 19 அன்று. இப்போது திருப்பிப் பார்த்தேன். படம் பிடித்த அன்றைக்கு அவள் மிக நன்றாக நடித்தது கேமரா ஓடாதபோது. எனக்கு ஒன்றரை அடி தூரத்தில்தான் நடித்தாள். வாயைப் பார்த்தே வசனம் பிடிக்கிறவள் நான், எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 28, வெள்ளி.

நாளை அவள் வேறு வீட்டுக்குப் போகிறாள். பச்சை ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு எப்போதும்போலத் திங்கள் காலை ஆறரைக்கு அழைப்பு. புதுக் கொலை, அதே நாற்காலி.

சாயங்காலம் ஏதோ கௌபாய் படத்துக்கு இரண்டு பக்கத்தை நீட்டி, "ஒரே ஒரு தடவை எனக்கு எதிர் வசனம் படியேன்டி" என்றாள். அவள் சமையலறை நாற்காலியில், நான் அடுப்புப் பக்கத்தில். நான்காவது வரியில் தடுக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லிக்கொடுத்தேன்.