சாவாத ஆடுகளும் திருவாளர் ராஜாமணியும்

3 நவம்பர் 1985, ஞாயிறு. விழுப்புரம்

மழை. எங்கள் ரிப்பேர் கடைக்கு ஒரு மோட்டாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர், இவர், பழைய செம்புக்கம்பிக் காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கல்லாவில் உட்கார்ந்து கல்வெட்டுப் புத்தகம் படித்தேன். இந்தப் புத்தகத்தை இதுவரை யாரும் எடுத்ததில்லை என்று நூலகர் பாண்டுரங்கன் சொல்லித்தான் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு கோயிலில் அணையா விளக்கின் நெய்க்காக அரசன் ஆடு கொடுத்திருக்கிறான். ‘சாவா மூவாப் பேராடு’ என்று வெட்டியிருக்கிறது. ஒன்று செத்தால் இடையன் வேறொன்றைச் சேர்த்து மந்தையை நிரப்பிவிட வேண்டும். ஆக, கணக்குப்படி ஆடு சாவதே இல்லை! வாசித்துக் காட்டினேன்.

“அந்த ஆடு எந்தச் சந்தையில கெடைக்குது, கேட்டுச் சொல்லு” என்றார் இவர்.

என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. படிப்பதுதான் நிற்கவில்லை. சின்ன வயதில் மல்லாட்டைக் கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். பாதியில் கிழிந்த கதைகளுக்கு முடிவு நானே கட்டிக்கொள்வேன். இன்றும் அப்படித்தான். விளக்கு எரிந்தது, சரி. நெய்க்குத் தயிர் கடைந்தது யார்?

9 நவம்பர்

திண்டிவனத்தில் பொங்கலுக்குக் கவியரங்கமாம். தலைப்பு ‘கல்லும் சொல்லும்’. யாரும் எழுதி அனுப்பலாம், தேர்ந்தெடுத்தால் மேடையில் வாசிக்க வேண்டும். பாண்டுரங்கன் அறிவிப்பை என் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார். நான் பார்க்காததுபோல் வாங்கிக்கொண்டேன்.

10 நவம்பர்

தோசை கருகியது. இரண்டு அடி தேறியது.

சாவாத ஆடென்று சாசனத்தில் வெட்டிவைத்தீர்
மேய்த்தவர்கள் செத்தகதை வெட்டஇட மில்லையோ?

17 நவம்பர்

இடையன் பெண்டாட்டி பேசுவதாகவே முழுக்க எழுதிவிட்டேன். கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறாள். இவர் மோட்டாரோடு பேசுவதில்லையா, அதுபோல.

தபாலில் போட்டாயிற்று. பெட்டிக்குள் கையை விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

8 ஜனவரி 1986

வந்துவிட்டது! அச்சடித்த அழைப்பிதழில் ஆறாவது பெயர்: ‘கவிஞர் திரு. ராஜாமணி அவர்கள், விழுப்புரம்’.

திரு.

இவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு ராஜாமணி மீசையோடு இருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் பெண் என்று எழுதித் தெரிவிக்கலாமா? போன வருஷம் பக்கத்துத் தெரு அந்தோணிமேரி டீச்சர் இதே கவியரங்கத்துக்குக் கவிதை அனுப்பியதற்கு, கடவுள் வாழ்த்துப் பாட வாருங்கள் என்று அழைத்தார்களாம். டீச்சருக்குப் பாட்டு வராது. தெரிவிக்கப் போவதில்லை. நேரில் போய் நிற்கிறேன். பார்க்கட்டும்.

18 ஜனவரி

கவிதையை நாலு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நாளைதான் திண்டிவனம்.

19 ஜனவரி, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது?

இவரை வெள்ளை வேட்டி கட்டச் சொன்னது நான்தான். அதுதான் வினையாகப் போயிற்று. மண்டப வாசலில் செயலாளர் புலவர் விருத்தாசலம் நேரே வந்து, “வாங்க கவிஞரே” என்று இவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் கையைப் பிடித்து மேடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னை ஒரு பெண் பெண்கள் பக்கம் உட்கார வைத்து, கவிஞர் வீட்டம்மாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்! ஏன் அப்படிச் சொன்னேன்?

ஐந்து பேர் வாசித்தார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் விருத்தாசலம் பிடித்துக்கொண்டார். ஒருவருக்குத் தளை தட்டுகிறதாம், இன்னொருவர் சோழனையும் பல்லவனையும் ஒரே தேரில் ஏற்றிவிட்டாராம். சபையே சிரித்தது. எனக்கு பயம் மறந்து அவர்மேல் ஆசையாக இருந்தது. இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு மனிதர்!

பிறகு ஆறாவது பெயர். இவர் எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேலே ஆடின மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் பேரிங் தேய்ந்துவிட்டதைக் கண்டுபிடித்தவர் மாதிரி. எனக்குத் தெரியும், அது விசிறிக்காக இல்லை. நானே எழுந்து வரவேண்டும் என்று இருக்கிறார். மறுபடி பெயரைச் சொன்னார்கள். சபை திரும்பித் திரும்பிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் நேரம் போனால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள், நான் வீட்டம்மாவாகவே ஊர் திரும்பிவிடலாம்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மேடைப் படியில் புடவை தடுக்கியது.

“அவருக்கு ஒடம்பு சரியில்லீங்களாம்மா? நீங்க படிக்கிறீங்களா?” என்றார் விருத்தாசலம்.

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. “அவரு மோட்டாருக்குக் காயில் சுத்தறவருங்க. ராஜாமணி நாந்தான்” என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

சிரித்து ஓயட்டும் என்று நின்றேன். இவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார், பெண்களுக்கு நடுவில். நான் வாசித்தேன். முதல் நாலு அடி எனக்கே கேட்கவில்லை. ‘மேய்த்தவர்கள் செத்தகதை’ வரும்போது ஒரு கிழவர் “அப்படிப் போடு” என்றார். அதற்குப் பிறகு குரல் என்னுடையதாகிவிட்டது.

கைதட்டல் பெரிதுதான். விருத்தாசலம் எழுந்தார். நான் தளைக்கும் தேருக்கும் தயாராக நின்றேன். “அம்மையார் இனிமையாகப் பாடினார். பெண்குலத்துக்கே பெருமை” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

பாடினேனா? வாசிச்சேன்யா நான்!

பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் இவர் கேட்டார்: “அவ்ளோ பேரு கை தட்னாங்களே. இன்னும் இன்னா பேஜாரு?”

“அந்த அஞ்சு பேரையும் திட்னாரு. என்னைத் திட்டலையே.”

“எங்கிட்டயும் சில பேரு மோட்டார வாங்கினு, நல்லாக்கீதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஓட்டிப் பாத்திருக்க மாட்டாங்க” என்றார்.

அதுதான். அதேதான்.

22 ஜனவரி

விருத்தாசலத்துக்கு ஒரு கார்டு: ‘என் கவிதையில் குறையே இல்லையா? அல்லது நீங்கள் கேட்கவில்லையா?’

போட்டபின் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. ஜல்தியில் எழுதினால் இப்படித்தான்.

5 பிப்ரவரி

பதில் இல்லை. கோபித்துக்கொண்டிருப்பார். சரி, போகட்டும். எடுத்து வந்த புத்தகம் போர்க்களம் பற்றியது. யானைகளுக்கு என்ன தீனி போட்டார்கள் என்று எங்கேயும் இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் கடை வாசலில் குடையோடு ஒருவர். விருத்தாசலம்! மோட்டார் எதுவும் கொண்டுவரவில்லை. என் கார்டை மேசைமேல் வைத்தார். அன்று தாம் சரியாகக் கேட்கவில்லை, உண்மைதான் என்றார். பிறகு பையிலிருந்து என் கவிதையை எடுத்தார். ஓரமெல்லாம் சிவப்பு மை.

“மூணாவது அடி நொண்டுதும்மா” என்றார்.

நொண்டவில்லை என்றேன். விரல் மடக்கிக் காட்டினார். நானும் மடக்கிக் காட்டினேன். இடைச்சிக்கு இவ்வளவு வாய் அந்தக் காலத்தில் ஏது என்றார். வாய் இருந்தது, கல்லில் வெட்டத்தான் யாருமில்லை என்றேன். அவர் குரல் உயர்ந்தது, என் குரலும் உயர்ந்தது. மோட்டார் எடுக்க வந்த இரண்டு விவசாயிகள் பாகப்பிரிவினைச் சண்டை என்று நினைத்து விலக்க வந்தார்கள். இவர் எல்லோருக்கும் டீ சொன்னார். மத்தியானச் சாப்பாடும் இங்கேயே. ரசம் ஊற்றும்போது ஐந்தாவது அடிக்கு வந்திருந்தோம்.

பொழுது சாய்ந்ததும் இவர் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

“அந்தாளு பஸ்ல ஏறக்கொள்ளவும் வெரல மடக்கிக்கினே ஏர்றாரு ராஜி. கம்பியப் புடிக்கவே இல்ல” என்றார்.

இப்போது நானும் மடக்கிப் பார்த்தேன். ஓர் அசை கூடத்தான் இருக்கிறது.

திருத்த மாட்டேன்.