கேரட்டைக் காப்பாற்றிய ரம்பம்

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், பட்டறையும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஆளுக்கு இரண்டு கிலோவாவது ஏறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் நச்சரிப்பு ஜெயித்துவிட்டது, சந்தோஷப்பட்டுக்கொள். விரல் பட்டால் தானாக நின்றுவிடும் அந்த மேசை ரம்பத்தை வாங்கிவிட்டேன். சுலபத்தில் மசியவில்லை, அதையும் தெரிந்துகொள். கடைக்காரர் விரலுக்குப் பதிலாக ஒரு கேரட்டைக் கையில் பிடித்து, பலகையோடு சேர்த்து, சுழலும் பிளேடை நோக்கித் தள்ளிக் காட்டினார். டமாரென்று ஒரு சத்தம், பிளேடு மேசைக்கு அடியில் போய்விட்டது. கேரட்டில் சின்னக் கீறல். அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் கேரட் இல்லை, இருபத்தெட்டு வருஷமாகத் தச்சுவேலை செய்கிறவன் என்று சொல்லிப் பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அம்மாவிடம் அடுக்கிக்கொண்டே வந்தேன். பழைய ரம்பத்தைப்போல நாலு மடங்கு விலை, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் பிளேடும் பிரேக்கும் பாழ், ஈரக்கட்டை பட்டாலும் விரலென்று நினைத்து நின்று தொலைக்கும், மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றால் கை அசட்டையாகிவிடும் என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள் மெதுவாக, தினமும் சாயங்காலம் நீங்க கை கழுவறப்ப நான் துண்டோட வந்து நிக்கறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க என்று கேட்டாள். பாசத்தில் என்றேன். எண்ணிப் பாக்கத்தான் என்றாள். இருபத்தெட்டு வருஷமாக, ஒரு நாள் தவறாமல், என் விரல்களை எண்ணிவிட்டுத்தான் சமையலறைக்குள் போயிருக்கிறாள்! அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பிப் போய் வாங்கினேன். கடைக்காரர் இன்னும் கேரட்டைக் கையில்தான் வைத்திருந்தார்.

மெஷின் வந்ததும் அம்மாவின் துண்டு ஆணிக்குப் போய்விட்டது. அம்மா பாட்டெல்லாம் முணுமுணுத்தாள். இனி எழுதப்போவது உனக்கு மட்டும். புதன்கிழமை ஒரு இழுப்பறைக்கு ஒல்லிச் சட்டங்கள் அறுத்துக்கொண்டிருந்தேன். சின்னத் துண்டைக் கையால் தள்ளக்கூடாது, அதற்கென்று குச்சி இருக்கிறது. அந்தக் குச்சி எங்கே இருந்தது தெரியுமா? பட்டறை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. கொக்கி உடைந்து மூன்று மாதம். ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்கிறவன் வீட்டு லட்சணம் இது. ஒரே ஒரு துண்டுதானே என்று கையால் தள்ளினேன். டமார். பிளேடைக் காணோம், வலது கட்டைவிரலில் ஒரு கீறல், கேரட்டுக்குப் பட்ட அளவுதான். மெஷினை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெஷினை நம்பித்தான் அசட்டையாகிவிட்டோம் என்று மனசைத் தேற்றப் பார்த்தேன். அது பொய். பழைய ரம்பத்திலும் எத்தனையோ தடவை இப்படித் தள்ளியிருக்கிறேன். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அவ்வளவுதான். அம்மாவிடம், ஈரக்கட்டை பட்டு மெஷின் நின்றுவிட்டது, விரலில் சிராய் ஏறிவிட்டது என்று சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். நம்பிவிட்டாள். பாவம், பழக்கம் மட்டும் விடவில்லை, அன்றிலிருந்து மறுபடியும் துண்டோடு வந்து நிற்கிறாள்.

கொக்கியை மாற்றிவிட்டேன். குச்சி இப்போது ரம்பத்துக்கு நேர் மேலே கயிற்றில் தொங்குகிறது, தலையில் இடிக்கிறது, இடிக்கட்டும். நீயும் வாய் ஒரு பக்கம் கத்தி ஒரு பக்கமாகக் காய் நறுக்காதே. நீங்கள் இரண்டு பேரும் குறையொன்றுமில்லாமல் நீண்டநாள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், போனில் அம்மாவிடம் உளறிவிடாதே.

பத்து விரலாலும் ஆசீர்வதிக்கும்
உன் அப்பா

கண்ணு, உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். ஈரக்கட்டையாம். அன்றைக்கே அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன், சருகாய்க் காய்ந்திருந்தது. நீ ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவர் சொல்லும்போது சொல்லட்டும். இன்றைக்கும் எண்ணினேன். பத்து.
அம்மா