சிறகடிக்காத பறவைக்கு வைத்த சோறு

ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே, கப்பலிலிருந்து, 1941

அத்தைக்கு, சென்னம்மாள் கும்பிடு. இண்டூரில் மழை பெய்ததா? உங்கள் முழங்கால் வலி தேவலையா? துரையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நான் சுகம்தான். கப்பல் ஆட்டத்தில் கால்தான் ஓரிடத்தில் நிற்பதில்லை.

அமாவாசைக்கு உங்கள் மகனுக்குப் படைத்தேன். நடுக்கடலில் காக்கைக்கு எங்கே போவது? கப்பல் பின்னாலேயே வரும் பெரிய வெள்ளைப் பறவைக்குச் சோறு வைத்தேன். அது சிறகே அடிப்பதில்லை. கப்பலில் வேலை செய்யும் முனாப் பாய் சிரித்தார். "இதக் காக்கான்னு நெனச்சியா தங்கச்சி? தண்ணிகிட்ட காத்து மெதுவா இருக்கும், மேல வேகமா இருக்கும். எதிர்காத்துல ஏறி, திரும்பிச் சரிஞ்சு இறங்கியே அது வேகம் எடுத்துக்கும். காத்து நின்னாத்தான் உக்காரும்."

காற்று நிற்கவில்லை. சோற்றையும் காற்றே வாரிக்கொண்டு போனது.

வரும் அமாவாசைக்கு நம் வூட்டுக் கூரையில் என் பங்குக்கும் ஒரு பிடி வையுங்கள். காக்கை எடுத்ததா என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை அழுகிறது, எழுந்து போகிறேன்.