காலமானவருக்கும் ஓர் இலக்கம்

பெப்ரவரி 3, செவ்வாய்

வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இந்த மாதக் கடைசியில் நிரந்தரக் கடிதம் வரவேண்டும். அம்மா அதைச் சுன்னாகம் சந்தையில் இப்போதே சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு என் வேலையை விளங்கப்படுத்தினேன். வெளிநாட்டு வீடுகளுக்கு வரைபடம் கீறும் எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து வீபீஎன் என்ற இணையப் பாதை வழியாக அலுவலகக் கணினிக்குள் வருவார்கள். வருகிறவருக்கு ஐபி முகவரி என்ற இலக்கத் தொடர் ஒன்று கொடுக்கவேண்டும். முகவரி முப்பது, ஆட்கள் நாற்பது. ஆனால் ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் வருவதில்லை. ஒருவர் போனால் அவருடையது அடுத்தவருக்கு.

"திருவிழாவிலை சைக்கிள் விட நம்பர்த் துண்டு குடுக்கிற மாதிரி" என்றார் அப்பா. நாலு வருடப் படிப்பு ஒரு வரியில் முடிந்தது.

பெப்ரவரி 5, வியாழன்

முகாமையாளர் இராசநாயகம் சேர் கூப்பிட்டார். அவருடைய முகவரியின் கடைசி இலக்கம் 20. போன மாதம் கீறச் சேர்ந்த றெஜிக்கு 2.

"என்ன பிள்ளை இது? நேற்று வந்த பொடியனுக்குப் பின்னாலையே நான் நிக்கிறது?"

முந்தி இணைபவருக்கு முந்திய இலக்கம், நாளைக்கு மாறும் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம் சேர்" என்றுதான் வந்தது.

இனிப் பெரியவர்களுக்குப் பதவி வரிசையில் நிரந்தர இலக்கமாம். ஒன்றிலிருந்து.

"ஒண்டு எல்லாருக்கும் நம்பர் குடுக்கிற மெசினின்ரை, சேர்."

"மெசின் எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தது?"

பெப்ரவரி 9, திங்கள்

இருபத்திரண்டு இலக்கங்கள் ஒதுக்கியாயிற்று. தலைவருக்கு 2. அவர் கணினியைத் தொட்டதேயில்லை. சேருக்கு 3. கனடாப் பணிப்பாளர் எட்டு ஆகாதென்று மாற்றச் சொன்னார். போன வருடம் காலமான பணிப்பாளருக்கும் ஒன்று. பெயரை நீக்கினால் குடும்பம் குறைநினைக்குமாம்.

மிச்சம் எட்டு. கீறுகிறவர்கள் பதினெட்டுப் பேர்.

"இன்னும் இருநூறு நம்பர் சேர்க்கலாம், சேர்" என்றேன், மெல்ல.

"எல்லாரிட்டையும் நம்பர் இருந்தால் நம்பருக்கென்ன மதிப்பு? என்ரை எழுத்து உத்தரவு இல்லாமல் ஒண்டையும் மாத்தக்கூடாது."

பெப்ரவரி 13, வெள்ளி

பஸ் சீட்டில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, றெஜி விடிய நாலரைக்கு இணைந்துவிட்டு மறுபடி படுக்கிறானாம்.

பெப்ரவரி 18, புதன்

வரைபடம் கீறும் குருநகர் கிறிஸ்ரினா அக்கா கைக்குழந்தைக்காரி. பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வர, எட்டு இலக்கமும் போயிருக்கும். மூன்று நாள் இணைய முடியவில்லை. மூன்றையும் வராத நாளாகப் பதிந்து இன்று எச்சரிக்கைக் கடிதம். இன்னொன்று வந்தால் வேலை போகும்.

போனில் கேட்டார்: "செத்தவருக்கு நம்பர் இருக்காம், எனக்கில்லையாம். உந்தப் பட்டியல் ஆர் அடிச்சது, தங்கச்சி?"

நான்தான். சொல்லவில்லை. என்ரை கடிதம் வரட்டும் எண்டுதானே வாயை மூடிக்கொண்டிருக்கிறன்? வேறென்ன?

பெப்ரவரி 24, செவ்வாய்

சேர் கொழும்பில். பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரருக்கு வரைபடம் காட்டவேண்டும். ஒன்பதே முக்காலுக்கு போன்.

"என்னை உள்ளுக்கு விடுதில்லை!"

பார்த்தேன். தன் 3-ஐ வேறு யாரும் எடுத்துவிடுவார்களோ என்று வீட்டு மடிக்கணினியை இணைத்தபடியே விட்டுப் போயிருக்கிறார். அதைத் துண்டிக்க ஒரு சொடுக்குப் போதும். கை போனது. நிறுத்தினேன்.

"உங்கடை மூண்டிலை உங்கடை வீட்டுக் கொம்பியூட்டர் இருக்கு, சேர். மிச்சம் எட்டிலையும் ஆக்கள்."

"அப்ப தலைவற்றை ரெண்டைத் தாரும்!"

"உங்கடை எழுத்து உத்தரவு வேணும், சேர்."

என் குரலா அது? நிற்காமல் தொடர்ந்தது. "பட்டியலை எடுத்து எல்லாருக்கும் பொதுவாய் விடச்சொல்லி எழுதுங்கோ. கிறிஸ்ரினா அக்கா அந்த மூண்டு நாளும் வேலைக்கு வந்தவ எண்டும் எழுதுங்கோ. ரெண்டு நிமிஷத்திலை உள்ளுக்கு வரலாம்."

போனை வைத்துவிட்டார்.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு, இரண்டையும் எழுதிய மின்னஞ்சல் வந்தது.

பெப்ரவரி 27, வெள்ளி

கடிதமும் வந்தது. என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீடிப்பு. "மேலதிகாரிகளுடன் உரையாடும் முறையில் முன்னேற்றம் தேவை." முன்னேறியதால் வந்த கடிதம்தானே இது?

சந்தையில் என்ன சொல்வது என்றுதான் அம்மாவுக்குக் கவலை.

மார்ச் 3, செவ்வாய்

சேருக்கு இன்று மறுபடி 20. அதிலேயே வேலை செய்தார்.

கிறிஸ்ரினா அக்கா போனில் கேட்டார்: "தங்கச்சி, எனக்கு எத்தனை?"

"பதினாலு."

"நல்ல நம்பரோ?"

"இருக்கிறதே நல்லதுதான், அக்கா."

பின்னேரம் நாலே காலுக்குப் பிள்ளை அழ, அவர் இணைப்பை விட்டுப் போனார். பதினாலு அடுத்தவருக்காகத் திரும்பி வந்தது.