அத்தை எடுத்த முடிவும் கெப்பாசிட்டி என்கிற சொல்லும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அத்தையும் அவரவர் அளவுக்கு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் எங்களுக்கு வருகிற முதல் நினைப்பு.

போன தடவை போனில் நீ, விட்டுட்டீங்களேப்பா, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ கோபத்தில் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, அழுகையை மறைக்கத்தான் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். போனில் எனக்கு எப்போதுமே பேச்சு முன்னுக்குப் பின்னாக வரும், எழுதிப் போடுங்களேன் என்றாள் அம்மா. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை ஜன்னல் பக்கம் கட்டிலில் தூங்குகிறாள். ஆக்சிஜன் மெஷின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கிறது, திரைச்சீலை உப்பி உப்பி அடங்குகிறது, எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்ட வெயில் நம் வீட்டுக் கூரையில் வந்து ஆடுகிறது. வீடே தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றுகிறது. கொஞ்ச நாளாக எனக்கு எல்லாமே அப்படித்தான் தோன்றுகிறது, வயசோ என்னவோ.

அத்தையின் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வருவது உனக்குத் தெரிந்ததுதான். அதன் மேல் சளிக்காய்ச்சலும் சேர்ந்து அன்றைக்கு உதடெல்லாம் நீலமாகிப்போய்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சேர்க்கிற இடத்தில் இருந்த அம்மாள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நீங்க எந்த கெப்பாசிட்டில கையெழுத்துப் போடறீங்க, என்று கேட்டார். பேட்டரிக் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது. நாள் முழுக்க அந்த ஒரு சொல்லைத்தானே விற்கிறேன். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்த நேரம், நூத்தம்பது ஆம்பியர் வரைக்கும் இருக்கு மேடம், உங்களுக்கு எது வேணும், என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அம்மா பின்னாலிருந்து இடித்து, என்ன முறைன்னு கேக்கறாங்க, தம்பின்னு சொல்லுங்க, என்றாள். தம்பி என்று சொன்னேன்.

முதல் இரண்டு நாள் அத்தைக்கு மூளைக்குப் போதுமான காற்று போகவில்லை. காலமெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவளுக்கு வார்டு முழுக்க நீச்சல் குளமாகிவிட்டது. நர்ஸைப் பார்த்து, ஆழமான பக்கம் போகாதே, சொன்னா கேளு, என்று அதட்டுகிறாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார், அவரிடம் ரொம்ப அன்பாக, காலை உதைம்மா, தண்ணி உன்னைத் தாங்கும், அதுக்கு உன்னைவிடப் பெரியவங்களையெல்லாம் தாங்கிப் பழக்கம், என்கிறாள். அந்த அம்மாவும் பாவம், சரிங்க டீச்சர், என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உன்னிடம் சொல்வதற்கென்ன, அவள் பேசப் பேச எனக்கும் பச்சைத் தரையில் அலை தெரிந்தது. டிராலி போகிற சத்தம்கூட யாரோ மெதுவாக நீந்திப் போகிற மாதிரிக் கேட்டது.

காய்ச்சல் இறங்கியதும் தெளிந்துவிட்டாள். குழாயில் ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்த பெண், உங்க லங் கெப்பாசிட்டி பாதிகூட இல்லம்மா, என்று சொன்னதற்கு, மீதி எங்க போச்சுன்னு கொஞ்சம் தேடிப் பாரு கண்ணு, என்றாள் உன் அத்தை. ஒரே மூச்சில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தண்ணீருக்கடியிலேயே போனவள். அப்புறம் பெரிய டாக்டர் வந்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்காது, கழுத்தில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினோடு சேர்த்துவிடலாம், ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். பேச்சு சிரமமாகிவிடும், தண்ணீரில் இறங்கவே கூடாது என்றும் சொன்னார். அத்தை கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்றாள். யோசிச்சு சொல்லுங்க என்றார். யோசிச்சுட்டேன், வேண்டாம், என்றாள். ஆனால் இரண்டு நாள் முன்னால் வார்டில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே, அவள் வேண்டாம் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குச் சந்தேகம். அதனால் மனநல டாக்டரை வரச் சொன்னார்கள்.

நீ கேட்டது இந்த இடத்தைப் பற்றித்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அந்த டாக்டர் உன் வயசுப் பெண். செருப்புச் சத்தம் வராமல் நடக்கிற ஆள். அத்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவங்க முடிவு நல்லதா கெட்டதான்னு நான் பாக்க வரல சார், புரிஞ்சு எடுக்கறாங்களான்னுதான் பாக்கணும், எங்க பாஷையில அதுக்குப் பேரு கெப்பாசிட்டி, என்றார். அது இல்லேன்னா என்ன செய்வீங்க என்று கேட்டேன். அப்ப உங்களோட பேசி, அவங்களுக்கு எது நல்லதோ அதை நாங்க முடிவு பண்ணுவோம், என்றார். மகளே, அந்த நிமிஷம் எனக்குள் ஒரு பேராசை எழுந்தது. இல்லை என்று ஆகிவிட்டால் போதும், குழாயைப் போட்டுவிடலாம், அக்கா இருப்பாள். அவர் கேட்டார், வீட்டுல மறதி, குழப்பம் இந்த மாதிரி ஏதாவது கவனிச்சிருக்கீங்களா. இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்வதற்கு விஷயமும் கைவசம் இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். அம்மாவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். எல்லாம் நடந்ததுதான்.

நான் வாயைத் திறந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அத்தை அந்தத் தையல்காரம்மாவிடம், என் தம்பி வெளிய பேசிட்டிருக்கான், அவன் பேசினா சரியாப் பேசுவான், என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கிறேன் என்றும் அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. எங்க வீட்டுல எல்லாருமே பேரை மாத்திக் கூப்பிடுவோம், கண்ணாடியை நானும் தொலைப்பேன், அக்கா தெளிவாத்தான் இருக்கா, காய்ச்சல்லதான் அப்படிப் பேசினா, என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் கையிலிருந்து எதையோ ஆற்றில் நழுவவிட்ட மாதிரி இருந்தது. விட்டுட்டீங்களே என்று நீ சொன்ன சொல் அப்போதே எனக்கும் தோன்றியதுதான்.

பிறகு டாக்டர் என்னையும் உள்ளே உட்கார விட்டார். அவர் ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. அத்தை ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு சேர்த்துக்கொள்கிற வரைக்கும் காத்திருந்தார். மெஷின் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று அத்தையையே சொல்லச் சொன்னார். வெச்சா நாள் கூடும், வெக்கலேன்னா குறையும், அடுத்த தடவை வந்தா அதுவே கடைசியா இருக்கலாம், சரியா, என்று இவள் அவரைக் கேட்டாள். சரி என்றார். பயமா இல்லையா என்றார். இருக்கு, என்றாள் அத்தை. பயமில்லாம யாரும் என்கிட்ட வந்ததில்ல டாக்டர், பயத்தோடதான் எல்லாரையும் தண்ணில இறக்கிவிட்டிருக்கேன். அப்போ வார்டுல தண்ணி பாத்தீங்களே, அது, என்று கேட்டார் டாக்டர். அது கனவு மாதிரி, இது ஆஸ்பத்திரின்னு இப்பத் தெரியுது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஆனா அது நல்லா இருந்துச்சு, என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். கடைசியில் என்னைப் பார்க்காமலே அத்தை சொன்னாள், என் தம்பிக்கு நான் இருக்கணும்னு ஆசை, எனக்கு நானா இருக்கணும்னு ஆசை, ரெண்டும் தப்பில்ல. டாக்டர் எழுந்து அவள் கையைத் தொட்டுவிட்டு, இவங்களுக்கு முடிவெடுக்கிற கெப்பாசிட்டி இருக்கு, என்று என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லை என் கடையில் எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஒரு மனுஷிக்கு மரியாதை செய்கிற மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கீழே மருந்து வாங்கப் போக லிஃப்டில் ஏறினேன். ஆள் அதிகம் என்று அது கூவ ஆரம்பித்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் இறங்கினேன். படிக்கட்டில் யாருமே இல்லை, நன்றாக உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் போனேன். அம்மாவுக்கு இது தெரியாது, நீயும் சொல்லாதே.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு எனக்கு ஒரே கவலை கரண்ட்தான். கடையிலிருந்து நல்ல பேட்டரியாக இரண்டு கொண்டுவந்து கட்டிலுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன். அவள் நெஞ்சில் ஒரு மூச்சைக்கூட என்னால் கூட்ட முடியாது, மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியுமே. போன வாரம் மழையில் தெருவே இருண்டுபோனது. இங்கே மட்டும் அந்த முனகல் அப்படியே இருந்தது. அத்தை கண்ணைத் திறக்காமல், கெட்டிக்காரன்டா, என்றாள். எனக்கு அது போதும்.

நேற்று முன்தினம் அவளைக் குளத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே இப்போது மேனேஜராக இருப்பவர் அவளிடம் கற்றவர்தான். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் திறந்துவிட்டார். சின்ன சிலிண்டரைக் கரையில் வைத்து, நீளக் குழாயோடு, அம்மா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்து ஆழமில்லாத பக்கத்துப் படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டாள். வெளிச்சம் தண்ணீரிலிருந்து கிளம்பிச் சுவரில் ஏறி அவள் முகத்தில் வந்து விழுந்தது, எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, டேய், படு, என்றாள். ஊருக்கெல்லாம் டீச்சர், கூடப் பிறந்தவன் மட்டும் நீச்சல் தெரியாமல் கரையில் சைக்கிளுக்குக் காவல் இருந்தவன். வயசான காலத்தில் எதுக்கு அக்கா என்றேன். அவள் மறுபடி சொல்லவில்லை, கையை மட்டும் தண்ணீரின் மேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போட்டிருந்த கால்சட்டையோடு மல்லாந்து படுத்தேன். அவள் கை என் பிடரிக்கடியில் வந்தது. எடுத்துடாதேக்கா என்றேன். எடுக்க மாட்டேன் என்றாள், எடுக்கவும் இல்லை. காது தண்ணீருக்குள் போனதும் உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் பெரிதாக, யாரோ பெரிய ஆள் பக்கத்தில் படுத்து மூச்சுவிடுவது போலக் கேட்டது. காலும் இல்லை கையும் இல்லை, நான் மிதந்தேன். மேலே அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். கழுத்தில் குழாய் போட்டு அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் அவள் இருந்திருப்பாள், மகளே. இவள் இருந்திருக்க மாட்டாள். இதைத்தான் போனில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதவில்லை. உனக்கு அவள் இன்னொரு அம்மா, உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் ஒப்பவில்லைதான். கோபத்தை என்னிடமே வைத்துக்கொள், அவளிடம் காட்டாதே. போன் செய்யும்போது ஆக்சிஜன் எத்தனை என்று கேட்காதே, அவளுக்கு எரிச்சலாக வருகிறது. நீ பார்த்தது, சாப்பிட்டது, யாரோடு சண்டை போட்டாய், அதையெல்லாம் சொல். குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளை முதுகுவலிக்கு வெறும் பலகையில் படுக்கச் சொல்லு. உங்கள் இருவருக்கும் எங்கள் மூவரின் ஆசிகள், கேட்டதெல்லாம் கைகூடி, வீடு நிறைய சிரிப்போடு நீடூழி வாழ வேண்டும்.

முக்கியமான ஒன்று. அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வந்துவிடு, கிடைக்காவிட்டாலும் வந்துவிடு. வரும்போது நீச்சல் உடையை மறக்காமல் எடுத்து வா. உன் இடது கை இன்னும் கோணலாகத்தான் தண்ணீரில் விழுகிறதாம், அதைச் சரி செய்யாமல் உன்னை விடப்போவதில்லை என்று அத்தை இப்போதுதான் கண் விழித்துச் சொல்லி, எழுதச் சொன்னாள்.

தலை இன்னும் முழுசாகக் காயாத,
உன் அப்பா