பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு வெப்சைட்

திருத்தணி,
திங்கட்கிழமை

அன்பு மகள் ப்ளெஸ்ஸிக்கு,

நைனா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்த பெர்லின் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரி நைனா, விடு நைனா" என்று என்னை அடக்கிவிடுகிறாய். ரிட்டயர் ஆகும்வரை பஸ்ஸில் கத்தியே பிழைத்த கண்டக்டர் வாயை நீ ஒருத்திதான் அடைக்கிறாய். அதனால் தாளில் எழுதி, உன் தம்பி ஆபேலிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனாலும் மாத்திரை போடச் சொன்னால் என்மேல் எரிந்து விழுகிறாள்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியைப் படித்தேன். எழிலன் மாமா சென்னையில் பார்த்து வைத்திருக்கும் ஆபீஸ் வேலைக்கே வந்துவிடுகிறேன், ஊரில் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஊருக்கு நீ எப்போது பதில் சொன்னாய் இப்போது சொல்வதற்கு? நீ படித்தது கணக்கு. படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பரந்தாமன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் அடுத்தவர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கப் போனபோதும் இந்த ஊர் சிரித்தது. அங்கே ஆள் வராத நேரத்தில் நீயாகவே வெப்சைட் செய்யப் பழகி, முதலில் பரந்தாமன் கடைக்கே ஒன்று செய்தாய். அதைக் காட்டித்தான் அம்பத்தூரில் வேலை வாங்கினாய், பிறகு பெங்களூர், பிறகு ஜெர்மனி. எந்த மாமாவும் சிபாரிசுக்கு வரவில்லை. இப்போது கம்பெனியை விட்டுவிட்டு, கேட்கிறவர்களுக்கு நீயே தனியாகச் செய்து தருகிறாய். இதில் தலைகுனிய என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நீ கம்பெனியை விட்டதை அம்மா பெண்கள் ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள், அவளைத் திட்டாதே. ஆனால் அடுத்த ஞாயிறு ஆராதனையில், வேலையில்லாத வாலிபருக்காக ஜெபிக்கும்போது சபைச் செயலாளர் ஜெபரத்தினம் உன் பெயரையும் சேர்த்து வாசித்தார். நான் எழுந்துவிட்டேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், நான் உட்காரவில்லை. என் பொண்ணு வேலை செஞ்சிகினுதான் இருக்குது, அது பேர எடுங்க என்றேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் ஜெபரத்தினம் என் தோளில் கைபோட்டு, கோவிச்சிக்காதீங்க கண்டக்டரே, கம்பெனில இல்லன்னா அது இன்னா வேலை, வூட்ல குந்திகினு கம்ப்யூட்டர் பாக்கறதுதானே என்றார். அவர் கையை எடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் அறுப்பின் பண்டிகை. அவரவர் கைப்பாட்டின் முதற்பலனைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனைக்குப் பிறகு ஏலம் போவது உனக்குத் தெரியும். பூசணி, வாழைத்தார், வேர்க்கடலை, சேவல் எல்லாம் வந்திருந்தது. தையல்கார தேவசுந்தரி அக்கா கூடத் தான் தைத்த பாவாடைகளை வைத்திருந்தாள். நான் ஓர் அட்டையில், கடைக்கோ பள்ளிக்கோ ஒரு வெப்சைட், செய்து தருபவர் ப்ளெஸ்ஸி என்று எழுதி, தட்டில் வைத்துப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ஆம், உன்னைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஜெபரத்தினம் தட்டைப் பார்த்துவிட்டு, பொருள் எங்க, வெறும் அட்டையா கீது என்றார். தேவசுந்தரி தைச்சது அவ வேலைன்னா இது என் பொண்ணு வேலை, ஏலம் போடுங்க என்றேன். ஆயர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், வேறு வழியில்லாமல் போட்டார்கள்.

யார் கேக்கறீங்க என்று ஜெபரத்தினம் கூவினார். ஒருவரும் விலை கேட்கவில்லை. பின்வரிசையில் சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது ப்ளெஸ்ஸி, சொல்கிறேன். நானே கேட்டுவிடலாமா என்று கை கூட எழும்பியது, அடக்கிக்கொண்டேன். உன் வேலையை உன் அப்பனே எடுத்தால் அதைவிடக் கேவலம் உண்டா? அப்போதுதான் கெங்கம்மாள் எழுந்தாள். கே.ஜி.கண்டிகையில் டிபன் கடை வைத்திருக்கிறாளே, நம் சபை இல்லை, வருஷா வருஷம் சேவல் எடுக்க வருவாள். ஆடிக் கிருத்திகைக்கு வர்ற ஜனமெல்லாம் போனப் பாத்துகினே என் கடையத் தாண்டிப் போயிடுது, அந்தப் போன்ல என் கடை வரட்டும், எனக்குப் போடுங்க என்றாள். சேவலுக்கு என்று முடிந்து வந்த பணத்தை இதற்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனாள். ரசீது போடும்போது, பொருள்னு இன்னா எழுதறது என்று ஜெபரத்தினம் என்னைக் கேட்டார். ப்ளெஸ்ஸியின் வேலை என்று எழுதுங்கள் என்றேன். நான் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் கையாலேயே எழுதினார்.

எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் பொய். மாதாமாதம் நிச்சயமில்லாத பிழைப்பு, தனியாக இருக்கிறாய், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆளில்லை. வர வேண்டும் என்று உனக்கே தோன்றினால் நாளைக்கே வா, ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். ஆனால் நாலு பேர் வாய்க்குப் பயந்து மட்டும் வராதே. அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த வயதில் எனக்கு வேறென்ன வேலை. மாமாவுக்குப் பதிலை நீயே எழுது, அம்மாவை இடையில் இழுக்காதே.

கர்த்தர் உன் கையின் பிரயாசத்தை ஆசீர்வதித்து, உன்னை மேன்மையாக வைப்பாராக. அம்மா முத்தங்கள் எழுதச் சொன்னாள், தலைக்கு எண்ணெய் வைக்கவும் சொன்னாள். ஒன்றை மட்டும் மறக்காதே. கெங்கம்மாள் இப்போதே நச்சரிக்கிறாள். என் பொண்ணுக்குக் கைநிறைய வேலை கீது, நீ வரிசையிலதான் நிக்கணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் நைனா
நேசகுமார்